கொட்டிவாக்கத்துக்குப் போன கட்டில்

"மச்சி, வீட்டைக் காலி பண்றியா? சொல்லவே இல்லியே!"

பைக்கை விட்டு இறங்காமலே கேட்டான் உபைத். பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். தன் கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடி ஒன்றுக்கு ஸ்க்ரூ முடுக்கிக்கொண்டிருந்த உமர் ஃபாரூக் சிரித்தான்.

"யார் வீட்டை?"

"உன் வீட்டைத்தான். கீழ குட்டி யானை நிக்குது. உங்கம்மா கட்டில ஏத்திக்கினு கீறானுங்க."

கண்ணாடியை வாடிக்கையாளர் கையில் திணித்துவிட்டு ஓடினான் ஃபாரூக். கடையிலிருந்து வீடு எட்டி நடந்தால் வந்துவிடும். மயிலாப்பூரை விடமாட்டேன் என்று அவன் பிடிவாதமாக இருந்ததே அதற்காகத்தான். வெளியே சொல்வது மட்டும் வேறு.

உபைத் சொன்னது பொய்யில்லை. கச்சேரி ரோட்டை ஒட்டிய சந்தில், குட்டி யானை டெம்போவின் மேல் அம்மாவின் இரும்புக் கட்டில் காலைத் தூக்கிக்கொண்டு கிடந்தது. கூடவே கிரைண்டர், இரண்டு பீரோ. டிரைவருக்குப் பக்கத்து சீட்டில் அம்மா நஸ்ருன்னிசா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். மாடிப்படி இறங்கினால் முட்டி பெயர்ந்துவிடும் என்று ரம்ஜானுக்குப் பிறகு தரையையே பார்க்காதவள்.

"அம்மா, எங்க போறே?"

"கொட்டிவாக்கம். கீழ் வீடு பார்த்துக்கீறோம்."

"யாரு பார்த்தது?"

"நானும் உன் பொண்டாட்டியும். அவ போன்ல காட்டினா, நான் சரின்னேன்."

துணி மூட்டையோடு படியிறங்கி வந்தாள் சகினா. கேளம்பாக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் லேபில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. அடையாறு போய், பஸ் மாறி, ஓ.எம்.ஆர். நெரிசலில் நின்றுகொண்டே போக வேண்டும். விடியும்போது கிளம்பினால் விளக்கு வைத்து வெகுநேரம் கழித்துத்தான் வருவாள். அந்தப் பக்கமாக வீடு பார்க்கலாம் என்று அவள் பேச்செடுத்தபோதெல்லாம் அவன் ஒரே பதில்தான் சொல்லியிருந்தான்: அம்மாவுக்கு இந்த இடம்தான் ஒத்துக்கும், பள்ளிவாசல் பாங்கு காதில் விழணும், பழகின டாக்டர் வேணும்.

"சகினா, என்ன இது? என்னைக் கேட்காம..."

"கேட்டேனே. எத்தனை தடவை கேட்டேன்!" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "கேளம்பாக்கத்துக்கே போகலாம்னு சொல்லலைங்க. நடுவுலதான் பார்த்திருக்கேன். ஆஸ்பத்திரி வேன் அந்தப் பக்கம் வருது. நீங்களும் கடைக்கு ஒரே பஸ்ல வந்துடலாம்."

"அம்மாவை எதுக்கு இழுக்கிறே? வயசானவங்க..."

"ஏய்!" டெம்போவுக்குள்ளிருந்து அம்மா தலையை நீட்டினாள். "யாரு இழுத்தா? அம்மாவுக்கு ஒத்துக்காது, ஒத்துக்காதுன்னு நீதான் சொல்லிக்கினு இருந்தே. ஒரு நாளாச்சும் என்னாண்ட கேட்டியா? மதியானம் வர்றே, துன்றே, தட்டைப் போட்டுட்டுப் போறே. அவ வர்ற வரைக்கும் நான் அந்த மாடியில செவுத்தைப் பார்த்துக்கினு கீறேன்."

சந்தில் இரண்டு பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"போன மாசம் இவ அடையாறுல பஸ்ஸுலயே மயங்கி விழுந்தா. தெரியுமா உனக்கு?"

"என்னது?"

"கூட வந்த பொம்பளை மொதல்ல உனக்குத்தான் போன் போட்டுது. நீ எடுக்கலை. அப்பால எனக்குப் போட்டுது. மாடியில கிடக்கிற கிழவி நான் இன்னா பண்ணுவேன்? அழுதேன்."

அவன் சகினாவைப் பார்த்தான். தெரியாத எண்ணிலிருந்து வந்த அழைப்புகளை, கடையில் கூட்டம் என்று எத்தனையோ நாள் விட்டிருக்கிறான். அதில் எது அது?

"ஏன் சொல்லலை?"

"சொன்னா வேலையை விடுன்னு சொல்வீங்க. வீட்டை மாத்தலாம்னு சொல்லமாட்டீங்க."

அதுதான் நிஜம் என்பது அவனுக்கே உறைத்தது. வேலையை விடு என்ற சொல் அந்த நிமிஷம்கூட நாக்கு நுனி வரை வந்து நின்றிருந்தது.

"உங்க துணிமணி எதையும் எடுக்கலை. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்," என்றாள் சகினா. மூட்டையைப் பின்னால் போட்டுவிட்டு மாமியாரை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். வண்டி கிளம்பியது. நடுச்சந்தில் அவன் மட்டும் நின்றான்.

மூன்று நாள் வீம்பு பிடித்தான். ஹோட்டல் சாப்பாடு. கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுத்திருந்தது. அந்தப் பக்கம் போகவே கூசியது. அவர்கள் போனதைக்கூட அவன் மனசு ஏற்றுக்கொண்டது. தன் வீட்டில், தன் காதுக்கு வராமல், இரண்டு பெண்கள் இத்தனை பெரிய முடிவை எடுத்து முடித்திருந்தார்கள் என்பதைத்தான் நம்ப முடியவில்லை.

நாலாம் நாள் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு ஒரு பையோடு பஸ் ஏறினான். படிக்கட்டு வரை கூட்டம். அடையாறு தாண்டுவதற்குள் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியது. திருவான்மியூரில் வண்டி நகரவே இல்லை. யாரோ காலை மிதித்தார்கள், யாரோ முழங்கையால் இடித்தார்கள். அவளுக்கு இது பாதி வழிகூட இல்லை.

கதவைத் திறந்த சகினா பையைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உட்கார இடம் கிடைச்சதா?" என்று கேட்டாள்.

இத்தனை வருஷத்தில் அவளிடம் அதை அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு, செருப்பைக் கழற்றினான்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுத்தாள். "வந்துட்டானா? அவனுக்கும் சேர்த்து அரிசி போடு."

அந்த மாசக் கடைசியில் மயிலாப்பூர் வீட்டுச் சாவியை வீட்டுக்காரரிடம் திருப்பிக் கொடுத்தான்.