சாப்பாட்டுக்குப் பின்

காளான் கம்பெனியின் வித்து அறைக்குள் போக வேண்டுமென்றால் தலையோடு குளிக்க வேண்டும். பிறகு வெள்ளை அங்கி, முகமூடி, கையுறை. வெளியே வந்தால் மறுபடியும் முதலிலிருந்து. அதனால் காலை ஆறுக்கு உள்ளே போகிற பெண்கள் மதியம் இரண்டு வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அண்ணிக்குக் குடல்புண் வந்தது இப்படித்தான்.

அவளுடைய நாத்தனாருக்கும் அங்கேதான் வேலை. அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டு இவள் எல்லோருக்கும் அண்ணியாகிவிட்டாள். வேகவைத்த மரத்தூள் பையின் வாயை நாத்தனார் கிருமி அண்டாதபடி தீச்சுடர் அருகே விரித்துப் பிடிப்பாள். அண்ணி காளான் வித்தைப் போடுவாள். விளைந்த காளானைப் பொடியாக்கி, குடலுக்கு நல்லதென்று கம்பெனி டப்பாவில் விற்கும்.

"அந்தப் பொடி கேக்குமா டாக்டர்?" என்று அண்ணி கேட்டதற்கு, "ஆராய்ச்சி நடக்குது. நல்லது செஞ்சாலும் செய்யும். ஆனா புண்ணுக்கு மாத்திரையை விடாதீங்க. பத்து மணிக்கு ஏதாவது சாப்பிட்டே ஆகணும், மென்னு மெதுவா. இல்லேன்னா ஓட்டை விழுந்துடும்" என்றார் அவர்.

மறுநாள் காலை உள்ளே போகுமுன் அதை அப்படியே மேற்பார்வையாளனிடம் சொன்னாள். அவன் ஒரு டப்பாவை எடுத்துக் கையில் திணித்தான்.

"நம்ம சரக்கே இருக்கு, அப்புறம் என்னக்கா? இன்னிக்கு இருநூறு பை. நடுவுல வெளிய வந்தா திரும்ப உள்ள விட மாட்டேன்."

பத்தடித்தது. அண்ணி கையுறையைக் கழற்றினாள்.

"வேணாம் அண்ணி. அண்ணனுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் நாத்தனார்.

"உங்கண்ணனுக்கா வயிறு எரியுது?"

குளியலறை வாசல் பெஞ்சில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்தாள். மேற்பார்வையாளன் சாவிக்கொத்தோடு ஓடி வந்தான்.

"பொடி குடுத்தேன்ல?"

அண்ணி பெஞ்சில் வைத்திருந்த டப்பாவைத் திருப்பிக் காட்டினாள். "படிங்க தம்பி. சாப்பாட்டுக்குப் பின் ஒரு ஸ்பூன்னு நீங்கதானே அச்சடிச்சிருக்கீங்க. சாப்பாடு எங்க?"

"கதவைப் பூட்டிடுவேன்."

"பூட்டுங்க. வேகவச்ச பையில இன்னிக்கு வித்துப் போடலேன்னா எல்லாம் பூஞ்சை பிடிக்கும். அதையும் டப்பாவுல அடைச்சு வித்துக்குங்க."

கதவு திறந்தது. நாத்தனார் முகமூடியை இறக்கிவிட்டு வந்தாள்.

"நகருங்கண்ணி. எனக்கும் ஒரு துண்டு."

அவன் இருவரையும் பார்த்தான். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"சரி, சீக்கிரம் சாப்பிட்டுட்டுக் குளிங்க."

"மெதுவா மென்னு சாப்பிடச் சொல்லியிருக்காரு டாக்டர்" என்றாள் அண்ணி, வாயில் ரொட்டியோடு.