இடது காலும் வலது காலும்

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், பிரியாணியைக்கூடத் தொடாமல் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள் ஜாஸ்மின். அவள் புருஷன் ஜான்சனுக்கு மனசு கேட்கவில்லை. கல்யாணமாகி எட்டு மாதம். அவள் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை அவன் கேட்டதில்லை. பத்தாவது முடித்துவிட்டு ஆம்பூர் ஷூ கம்பெனியில் இடதுக்கு வலது பொருந்துகிறதா என்று ஜோடி பார்க்கிறவன், வானத்தை ஆராய்ச்சி பண்ணுகிறவளிடம் என்னத்தைக் கேட்பான்? மாக்கான் என்று நினைத்துவிட்டால்? ஆனால் இன்று அவள் கண் கலங்கியிருந்தது.

"இன்னாம்மா ஆச்சு?"

திரையில் இரண்டு சிவப்புக் கீற்றுகள்.

"உலகம் பொறந்த புதுசுல இருந்த நட்சத்திரக் கூட்டம்ங்க இது. வழியில வேற ஒரு பெரிய கூட்டம் கனமா நிக்குது. அந்தக் கனம் வெளிச்சத்தை வளைச்சு, பெரிசாக்கி, ஒண்ணையே ரெண்டா காட்டும். இது ரெண்டும் ஒண்ணுதான்னு ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். ஒண்ணு மேல ஒண்ணை வச்சா பொருந்த மாட்டேங்குது. சாயந்திரத்துக்குள்ள என் கைடு கமலவேணி மேடத்துக்குப் பதில் சொல்லணும். இல்லேன்னா அத்தனையும் குப்பைதான்."

அடேயப்பா, இவ்வளவு பேச்சு அவள் அவனிடம் பேசியதே இல்லை! ஜான்சன் நாற்காலியை இழுத்துப்போட்டு, நாள் முழுக்க ஜோடி பார்க்கிற கண்ணால் பார்த்தான்.

"எப்டி வச்சே?"

"ஒண்ணு கண்ணாடியில தெரியற மாதிரி மாறித் தெரியும். அதனால புரட்டித்தான் வச்சேன்" என்று திரையில் வைத்தும் காட்டினாள்.

"புரட்டலியே, சுத்தியில்ல வச்சிருக்கே! இடது கால் ஷூவுக்கு வெட்டின தோலை எவ்ளோ சுத்தினாலும் வலது கால் ஆவாது. எங்க டேபிளுக்குப் புதுசா வர்றவங்க இதே கூத்துதான் பண்ணுவாங்க." சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

ஜாஸ்மின் கம்ப்யூட்டருக்குத் தான் எழுதிய கட்டளைகளை மேலிருந்து படித்தாள். படத்தை இடவலமாக ஒரு தரம் புரட்டியிருந்தாள். கீழே, மறதியில், மேல்கீழாக இன்னொரு தரம். இரண்டு தரம் புரட்டினால் சுற்றியதாகத்தானே ஆகும்! இரண்டாவதை அழித்தாள். நுனியிலிருந்த பொட்டு முதற்கொண்டு ஒரு கீற்று மற்றதன் மேல் அப்படியே படிந்தது. அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

படத்தை அனுப்பிய ஐந்தாவது நிமிடம் மேடத்திடமிருந்து கேள்வி: தப்பைப் பிடித்தது யார்?

'என் வீட்டுக்காரர். ஷூ கம்பெனியில் ஜோடி பார்க்கிறவர்' என்று ஜாஸ்மின் அடித்தாள்.

ஜான்சன் அதை இரண்டு தரம் படித்தான்.

"அந்த வெளிச்சம் கெளம்பி எவ்ளோ நாளாச்சு?"

"ஆயிரத்து முந்நூறு கோடி வருஷம்ங்க."

"இரு, தட்டு ரெண்டையும் இங்கயே எடுத்தாறேன்" என்று எழுந்தான் அவன். "சாப்ட்டுக்கினே மொதல்லருந்து சொல்லு."