நாலாவது இணைப்பு

நாலாவது மோடத்தின் பச்சை விளக்கு பதினொரு நாளாக அணைவதாகவே இல்லை. நூலகத்தின் பின்னறையில் ஆறே ஆறு மோடங்கள்; வீட்டு போன் வழியாக ஒன்றில் ஒரு நேரத்துக்கு ஒருவர்தான் இணைய முடியும். அவற்றை நம்பி இருநூற்றுச் சொச்சம் உறுப்பினர்கள். ஊர் மக்களுக்கெல்லாம் மலிவு விலையில் இன்டர்நெட் என்று நகராட்சி அறிவித்தபோது கை தட்டியவர்கள், இப்போது லைனே கிடைப்பதில்லை என்று நூலகப் பொறுப்பாளரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவளும் அந்த நாலாவது இணைப்பை ஒரு நாளைக்கு நாலு தடவை துண்டித்துப் பார்த்தாள். ஐந்தே நிமிடத்தில் அதே உறுப்பினர் மறுபடி வந்து ஒட்டிக்கொள்வார். வந்து அப்படி என்னதான் செய்கிறார் என்று பார்த்தால் ஒன்றுமில்லை, சும்மா பிடித்து வைத்திருக்கிறார். போன் போட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்றால் எப்போதும் என்கேஜ்டு. இருக்காதா பின்னே, அந்த லைனில்தானே இன்டர்நெட் ஓடுகிறது. உறுப்பினர் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிடுவது என்று முடிவுகட்டி மதியமே அந்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

கதவைத் திறந்தது தையற்காரம்மா. அவள் நடத்திய முதல் வாரப் பயிற்சி வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு மவுஸைத் தொடப் பயந்தவர். தையல் மிஷினுக்குப் பக்கத்தில், கழுத்தைத் திருப்பினாலே தெரிகிற மாதிரி கம்ப்யூட்டரை வைத்திருந்தார்.

"டீச்சரா, வாங்க வாங்க. அடிக்கடி கட்டாயிடுது. நானும் விடாம மறுபடி போட்டுடறேன்," என்றார் பெருமையாக.

கட் பண்ணியதே நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. "எதுக்கும்மா நாள் பூரா போட்டு வெச்சிருக்கீங்க?"

"பையன் இதுல லெட்டர் போடறேன்னு சொல்லியிருக்கான். வர்ற நேரத்துல நான் இல்லைன்னா திரும்பிப் போயிடுமே."

சிரிப்பு தொண்டை வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டாள்.

"திரும்பிப் போகாதும்மா. எங்ககிட்டயே பத்திரமா இருக்கும். பத்து நாள் கழிச்சுத் திறந்தாலும் இருக்கும்."

"அப்படியா." அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிறகு பிரித்தார். "சண்டை போட்டுட்டுதான் வெளியூர் வேலைக்குப் போனான். முன்னயெல்லாம் எங்க இருந்தாலும் ஞாயித்துக்கிழமை போன் பண்ணிடுவான். இப்ப ரெண்டு வாரமா அதுவும் இல்ல. என்னை அடியோட வெறுத்துட்டான் போல."

பொறுப்பாளர் மனதுக்குள் கணக்குப் போட்டாள்: பதினொரு நாள், இரண்டு ஞாயிற்றுக்கிழமை. வகுப்பில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தாள், படம் அனுப்பச் சொல்லிக்கொடுத்தாள். இது ஓடும்போது போன் வராது என்பதை மட்டும் சொல்லவில்லை. அதெல்லாம் யாருக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாள்.

"அம்மா, இது போட்டிருக்கறப்ப வெளியில இருந்து யார் கூப்பிட்டாலும் கிடைக்காது. நான் சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

தையற்காரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்தார், போனைப் பார்த்தார்.

"அப்ப அவன் கூப்பிட்டிருப்பானா?"

"தெரியலைம்மா. கூப்பிட்டிருக்கலாம்."

இணைப்பை அவரே துண்டித்தார். அட்டையைக் கேட்க வந்ததே பொறுப்பாளருக்கு மறந்துபோயிருந்தது. இருவரும் போனுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

"இப்ப நிஜமாவே வேலை செய்யுதா?" என்று தையற்காரம்மா ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தார். டயல் டோன் கேட்டது. உடனே, இந்த ஒரு நொடியில் அவன் கூப்பிட்டுவிட்டால் என்ற பதற்றத்தில் சட்டென்று கீழே வைத்து, சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு கையாலும் அழுத்திப் பார்த்தார்.