கணவர் புலம்பல்

யாழ்ப்பாணத்து ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. யாராவது இறந்தால் முப்பத்தொன்றாம் நாளுக்கு ஒரு நினைவுப் புத்தகம் அச்சடிப்போம். அதில் மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று ஆளுக்கொரு பாட்டு வரும். பெயர் அவர்களுடையது, எழுதுவது வேறு ஆள். ஜெர்சி சிட்டியில் இருபது வருடமாக அந்த வேறு ஆள் நான்தான். கிழமை நாளில் வங்கியில் கணினி வேலை, சனிக்கிழமையில் ஒப்பாரி.

எதுகை பிசகினால் எனக்குக் கோபம் வரும். மற்றபடி யார் செத்தாலும் 'குலவிளக்கே, குணக்குன்றே' என்று அரை மணி நேரத்தில் இறக்கிவிடுவேன். வந்தவர்களிடம் பேசுவது என் மனைவி ஞானமணி. "முதல்ல தேத்தண்ணியைக் குடியுங்கோ" என்பாள். பிறகு, போனவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பாள். நான் ஒருநாளும் கேட்டதில்லை.

போன மாதம் ஞானமணி போய்விட்டாள். முப்பத்தொன்றாம் நாள் நெருங்கிவிட்டது; அவளுடைய புத்தகம் மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். மகள் நிருஜாவின் பெயரில் ஒரு பாட்டை எப்படியோ எழுதிவிட்டேன். 'கணவர் புலம்பல்' மட்டும் வரவில்லை. குலவிளக்கே என்று தொடங்கினேன். அவள் படித்தால் சிரிப்பாள் என்று கிழித்துப் போட்டேன்.

"பரவாயில்லை அப்பா, ப்ளாங்கா விடுங்கோ" என்றாள் நிருஜா. ஊருக்கெல்லாம் அழுதவன், பெண்சாதிக்கு ஒரு வரி இல்லாமல் விடுவதா? வெட்கமாக இருந்தது.

அன்று மத்தியானம் மயூரன் வந்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவனுடைய அம்மாவுக்கு நான்தான் எழுதிக் கொடுத்தேன். கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. உங்களுக்கு ஆர் எழுதித் தருவினம் எண்டு யோசிச்சன். எனக்கு எழுதத் தெரியாது. அம்மான்ர பாட்டுக்கு வந்த அண்டைக்கு இஞ்ச இருக்கேக்க பாத்ததைத்தான் எழுதினனான்."

எதுகை இல்லை, மோனை இல்லை. நாலே வரி.

கண்ணாடியைத் தேடி
வீடெல்லாம் நடக்கிறேன்.
தலையில்தான் இருக்கென்று சொல்ல
நீ இல்லை, ஞானம்.

என் கை தலைக்குப் போனது. கண்ணாடி அங்கேதான் இருந்தது. அவள் போன பிறகு அன்றுதான் வாய்விட்டு அழுதேன். மயூரன் எழுந்துபோய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்தான்.

ஓர் எழுத்தையும் மாற்றாமல் அந்தப் பக்கத்தை அனுப்பினேன். அவன் செய்த உதவியை என் காலம் உள்ளவரை மறக்கமாட்டேன். நன்றி என்று சொல்லப் போனேன், போதாது என்று பட்டது. பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டேன்.

"இதில இரும் தம்பி. உம்மட அம்மா எப்பிடிப்பட்டவா எண்டு சொல்லும். நான் அண்டைக்குக் கேக்கேல்லை."