டாலோவா ஊர் கொடுத்த கிழமைகள்

டாலோவா ஊரில் 1992ஆம் வருஷத்திலிருந்து செவ்வாய்க்கிழமை கிடையாது. திங்கட்கிழமை ராத்திரி படுத்தால் புதன்கிழமை காலையில்தான் எழுந்திருப்போம். அலபாமாவின் மற்ற ஊர்களில் செவ்வாய் வழக்கம்போல வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பக்கத்து மாவட்டத்தில், அதாவது பக்கத்து கவுண்டியில், போய்ப் படுத்தால் செவ்வாயன்றே கண் விழிக்கலாம். எங்கள் ஊரில் மட்டும் இல்லை. குப்பை வண்டி புதன்கிழமைக்கு மாறியது, அவ்வளவுதான், வேறு யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் உடம்புக்குத் தெரிந்திருந்தது. புதன் காலையில் ஆண்களுக்கு இரண்டு நாள் தாடி வளர்ந்திருக்கும், பால் இரண்டு நாள் புளித்திருக்கும். நாள் கழிந்துகொண்டுதான் இருந்தது, அதில் நாங்கள் இல்லை.

அதை யாரும் திருடவில்லை. கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்தில் கூடி நின்று நாங்களே கையைத் தூக்கிக் கொடுத்தோம். எங்கள் கல்லூரி அணிக்குக் கோவேறு கழுதைகள் என்று பெயர், அதுவும் நாங்களே ஆசையாக வைத்துக்கொண்டதுதான். பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்துக்கு ஃபுட்பால் என்று பேர் வைத்த தேசத்தில் எங்கள் ஊருக்கு அது ஒன்றுதான் பிழைப்பு, பெருமை, ஜெபம் எல்லாம். அந்த வருஷம் பதினொரு ஆட்டத்தில் ஒன்பது தோற்று, பழைய கோச்சைத் துரத்திவிட்டு ராய்ஸ் லெட்பெட்டரைக் கொண்டுவந்தார்கள். வந்தவர் தலையில் அணியின் தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு, எல்லாக் கோச்சும் முதல் நாளில் சொல்வதையே சொன்னார். "அற்புதம் எல்லாம் எங்கிட்ட இல்லீங்க. எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க, போதும்." மற்ற ஊர்களில் இதைக் கேட்டுக் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். எங்கள் ஆதரவாளர் சங்கத் தலைவர் ஹாய்ட் கிரென்ஷா பிக்கப் லாரி விற்கிறவர், எதையும் பேரமாகத்தான் காதில் வாங்குவார். எழுந்து நின்று, "எவ்வளவு வேணும் கோச்?" என்று கேட்டார். லெட்பெட்டர் தொப்பியை நிமிர்த்திக்கொண்டார். பிறகு, "செவ்வாய்க்கிழமை கிடைச்சா நல்லாயிருக்கும்" என்றார்.

கேட்டதில் கணக்கு இருந்தது. கல்லூரிப் பையன்களை வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் மைதானத்தில் வதைக்கக் கூடாது என்று விதி. ஊர் கொடுத்த செவ்வாய் எந்த வாரத்திலும் சேராது. நாங்கள் திங்களிலிருந்து புதனுக்குத் தாண்டும்போது பயிற்சி மைதானத்துக் கேட்டுக்குள் மட்டும் செவ்வாய் விடிந்தது, பையன்கள் விடியற்காலையிலிருந்து இருட்டும் வரை ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். அந்த விதியைக் கவனிக்கும் மேலிடத்திலிருந்து சோதனைக்கு இரண்டு பேர் வந்தார்கள். திங்கள் சோதித்தார்கள், ஊர் விடுதியில் படுத்தார்கள், புதன் சோதித்தார்கள், குறை ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வறுத்த கெளுத்தி மீன் தின்றுவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் வருஷம் ஒன்பது ஆட்டம் ஜெயித்தோம். நவம்பர் பிறந்தாலே ஊரில் நாலு தண்டங்கள் பைனாகுலரோடு விமானத் திடலில் நிற்கும். வெளியூர்ச் சின்ன விமானம் இறங்கினால் கோச்சைக் கொத்திக்கொண்டு போக யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அந்த நவம்பரில் ஒன்று இறங்கியது. வெள்ளிக்கிழமை லெட்பெட்டர், "நான் எங்க போகப்போறேன்? என் கல்லறையே இந்த ஊர்லதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தேவாலயத்தில் பாடிக்கொண்டிருக்கும்போது டெக்சாஸுக்குக் கம்பி நீட்டிவிட்டார். செவ்வாயைத் திருப்பிக் கேட்டு ஹாய்ட் போன் போட்டதற்கு, "அது என்னுதில்ல ஹாய்ட், புரோகிராமோட சொத்து" என்று பதில் வந்தது. அணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள், புரோகிராம் என்பார்கள். பெயர் பெரிதானால் தோல்வி சின்னதாகத் தெரியுமோ என்னவோ.

அடுத்து வந்த கிளிஃப் ஹம்மக், பழைய ஆள் நல்ல ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் பண்டகசாலையைக் காலியாக விட்டுப் போயிருக்கிறார், தான் பொறுக்கிய பையன்கள் வளர்ந்து வரும் வரை பொறுக்க வேண்டும் என்றார். வியாழக்கிழமையைக் கேட்டார், கொடுத்தோம். மூன்று ஜெயித்தார், ஐந்து ஜெயித்தார், இரண்டு ஜெயித்தார். துரத்தினோம். ஒப்பந்தத்தில் இன்னும் நாலு வருஷம் பாக்கி இருந்தது, நடுவில் துரத்தினால் பாக்கிக்கும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். இந்தத் தொழிலில் ஒருவரை வேலை பார்க்க வைப்பதைவிட வேலை பார்க்காமல் இருக்க வைப்பதற்குத்தான் செலவு அதிகம். ஆக நாலு வருஷத்து வியாழக்கிழமைகளும் ஹம்மக்குக்கே போயின. வியாழன்தோறும் ஏரியில் தனியாகப் படகில் உட்கார்ந்து தூண்டில் போட்டார். பக்கத்து கவுண்டிக்காரர்கள் பார்த்துவிட்டு வந்து சொன்னார்கள். எங்கள் நாளில் எங்கள் மீனைப் பிடித்தார், நாங்கள் வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு நாள் தாடியைச் சிரைத்துக்கொண்டிருந்தோம்.

நடுவில் இரண்டு பேர் வந்து போனார்கள். அரை நாள்கூடக் கேட்கத் தைரியமில்லாத ஆட்கள், ஊர் அவர்களை மதிக்கவில்லை.

2009இல் பிராக் வான்லாண்டிங்ஹாம் வந்தார். முப்பத்தாறு வயசு, முப்பத்தாறு பல்லும் தெரியச் சிரிப்பு. திரையில் படம் போட்டுக் காட்டினார், ஒவ்வொரு படத்திலும் 'கல்ச்சர்' என்று ஒரு வார்த்தை இருந்தது. "கொஞ்சம் கொஞ்சமா குடுக்கிறது எல்லாம் தோக்கிறவங்க பழக்கம். உள்ள வந்தா முழுசா வாங்க!" என்றார். பாக்கி இருந்த ஞாயிறு, திங்கள், புதன், வெள்ளி நாலும் வேண்டும், ஆட்டம் நடக்கிற சனிக்கிழமை மட்டும் ஊருக்கு. ஞாயிற்றுக்கிழமை என்றதும் கொஞ்சம் முணுமுணுப்பு கிளம்பியது. பாஸ்டரே எழுந்து அடக்கினார். "கர்த்தர் ஆறு நாள்ல உலகத்தையே உண்டாக்கினார். நமக்கு ஒரு டிஃபென்ஸ் உண்டாக்க ஆறு நாள் வேணாமா?" கூடம் அதிர்ந்தது. அந்த ஆளுக்கு மைதானத்தில் முதல் வரிசையில் இலவச சீட் உண்டு என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

அப்போதுதான் நெல்டா ஸ்ட்ரிக்லண்ட் எழுந்தாள். முப்பது வருஷமாகக் கழுதைகளின் சட்டைகளைத் துவைத்துப் போடுகிறவள். புல்கறை, ரத்தக்கறை, வாந்தி எல்லாம் அவள் கைக்குத் தெரியும். எந்தக் கூட்டத்திலும் அவள் கையைத் தூக்கியதில்லை, வாயைத் திறந்ததுமில்லை. அவள் புருஷன் கார்லண்ட் எழுபதுகளில் எங்கள் அணியில் முன்வரிசையில் நின்று முட்டுக்கொடுத்தவன். முழங்கால் போனது, முழங்கால் வலிக்கு விழுங்கிய மாத்திரையில் சிறுநீரகம் போனது. வாரத்துக்கு மூன்று நாள், திங்கள், புதன், வெள்ளி, டயாலிசிஸ் ஓடினால்தான் உயிர்.

"இவங்க கேக்கிற நாள்ல மூணு எங்க நாள்" என்றாள் நெல்டா. "நாள் போனாலும் ரத்தம் கெட்டுக்கிட்டேதானே இருக்கும்? அந்த மனுஷனை நான் எங்க கொண்டுபோறது?"

வான்லாண்டிங்ஹாம் மேடையை விட்டு இறங்கி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அம்மா, கார்லண்ட் மாதிரி வீரர்களுக்காகத்தாம்மா நாம இதைக் கட்டுறோம்."

"கட்டுங்க கோச். அவர் உயிரோட இருந்து பாக்கணும்ல?"

கூடம் ஒரு நொடி சும்மா இருந்தது. இன்னும் ஒரு நொடி சும்மா இருந்திருந்தால் எங்களில் யாருக்காவது வெட்கம் வந்திருக்கும். அதற்குள் ஹாய்ட் சிரித்தார். "நெல்டா, திரும்பிப் பாரு." அவள் திரும்பினாள். சக்கர நாற்காலியில் கார்லண்ட் கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். ஊரிலேயே முதல் கை. ஊசி குத்திக் குத்திப் புடைத்த கை அது. "தூக்கிட்டாருல்ல? நீ யாரு அதை இறக்க?" என்றார் ஹாய்ட். பிறகு எல்லாக் கையும் எழுந்தது. என் கையும்தான். பக்கத்தில் நின்றவன் தூக்கினான், நானும் தூக்கினேன், இதைவிடப் பெரிய காரணம் ஒன்றும் என்னிடம் இல்லை.

அன்றிலிருந்து டாலோவாவில் சனிக்கிழமை மட்டும்தான். சனி ராத்திரி படுப்போம், சனி காலையில் எழுந்திருப்போம், ஏழு நாள் தாடியோடும் ஏழு நாள் பசியோடும். மைதானத்து வாசலில் விடியும் முன்பே பன்றி விலாவைத் தீயில் போட்டுவிடுவார்கள். ஒரு படுக்கைக்கு ஒரு வாரம் என்று ஊர் கிழடு தட்டியது. நேற்றுப் பூப்போட்ட கவுனில் பார்த்த பெண்ணை நாளைக்குக் கைத்தடியோடு பார்ப்பது போல இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை. சீசன் வந்தால் தினமும் ஆட்டம், வேறென்ன வேண்டும்?

நெல்டா மட்டும் கெஞ்சினாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் தங்கை வீடு இருந்தது, அங்கே ஏழு கிழமையும் இருந்தது, நல்ல ஆஸ்பத்திரியும் இருந்தது. "வா கார்லண்ட், கொஞ்ச காலம் போய் இருந்துட்டு வரலாம்." கார்லண்ட் 1974இலிருந்து சீசன் டிக்கெட் வைத்திருக்கிறவன், சி பகுதி, பதினொன்றாம் வரிசை. விட்டால் அந்த இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றான். சனிக்கிழமை காலையிலாவது வந்து ஒரு தடவை டயாலிசிஸ் செய்துகொள்ளச் சொல்லி நர்ஸ் ஆள் அனுப்பினாள். பதினொரு மணிக்கு ஆட்டம் ஆரம்பம் என்று பதில் சொல்லி அனுப்பினான்.

நாலாவது சனிக்கிழமை நெல்டா கண் விழித்தபோது அவன் பக்கத்தில் விறைத்துக் கிடந்தான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, செத்து மூன்று நாள் ஆகிறது, புதன்கிழமை போயிருக்கிறான் என்றார். கூட வந்த கவுண்டி அலுவலகத்துக் குமாஸ்தா பேனாவை மூடி வைத்துவிட்டார். "புதன்கிழமைன்னு எப்படிங்க எழுதறது? அப்படி ஒரு நாளே நம்ம ஊர்ல இல்லையே." இறந்த தேதி இல்லாமல் சான்றிதழ் இல்லை, சான்றிதழ் இல்லாமல் சவப்பெட்டி இல்லை. இவர்கள் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருக்கும்போதே மணி பத்தரை ஆகிவிட்டது. கார்லண்ட் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனான். நாற்காலிகூடத் தேவைப்படவில்லை. நல்லாப் போச்சு என்றோம்.

முதல் வாரம் நெல்டா அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில்தான். பிறகு புரிந்தது. அவன் சாப்பிடவில்லை. உடம்பு குளிர்ந்திருந்தது. ஆட்டம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் விறைத்துவிடுவான், மறு சனி பத்தரைக்கு எழுவான், ஒவ்வொரு தடவையும் எழுவதற்கு முன்னால் ஒரு முனகல் முனகுவான். "வலிக்குதா கார்லண்ட்?" என்று கேட்டால், "பந்தை எறியச் சொல்லு அந்த மடையனை" என்பான். முகம் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தது. தூங்க வேண்டிய மனுஷனைத் தட்டித் தட்டி எழுப்புகிறார்களே என்று அவள் சட்டை துவைக்கும் இடத்தில் சத்தம் போட்டு அழுதாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, யார் காதிலும் விழவில்லை.

புரோகிராம் மட்டும் எழுந்து நின்றுவிட்டது, அதை மறைக்கக் கூடாது. நாலாம் வருஷம் ஒன்பது ஜெயித்தோம். ஆனால் பரம எதிரி அணியான பெத்தல் குரோவிடம் இரண்டு வருஷம் தொடர்ந்து தோற்றதால் வான்லாண்டிங்ஹாமை மைதானத்து ஓரத்திலேயே வைத்துத் துரத்தினோம். ஒன்பது ஜெயித்தவரைத் துரத்தும் அளவுக்கு நாங்கள் பெரிய ஆட்களாகிவிட்டோம். பாக்கி வருஷங்களின் ஞாயிற்றுக்கிழமைகளோடு அவரும் ஏரிக்குப் போனார். அங்கே இப்போது துரத்தப்பட்ட கோச்சுகளின் சங்கமே நடக்கிறதாம்.

புதுக் கோச் லேன் ஹட்டோ ஒரு சனிக்கிழமை காலையில் கூடத்துக்கு வந்தார். தொப்பி, கைதட்டல், கனவு கண்ட வேலை, எல்லாம் ஆயிற்று. கடைசியில் பாவம், பழக்க தோஷம், "எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க" என்று சொல்லிவிட்டார். எங்களிடம் மிச்சமிருந்தது ஒரே நாள்.

ஒரு கை எழுந்தது. நெல்டாவின் கை. வாழ்நாளில் முதல் தடவை.

"குடுத்துடுங்க" என்றாள். "சனிக்கிழமையையும் குடுத்துடுங்க. என் வீட்டு மனுஷன் போய் நிம்மதியா படுக்கட்டும்."

"சனிக்கிழமையா?" ஹாய்ட் கிரென்ஷாவுக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. "உனக்கென்ன பைத்தியமா? மனுஷன்னா கொஞ்சமாவது மனசாட்சி வேணாம்?" வேறு ஒரு கையும் எழவில்லை. ஆறு கிழமையைத் தூக்கிக் கொடுத்த ஊர் அது. கையைக் கட்டிக்கொண்டு, கையை ஜேப்புக்குள் விட்டுக்கொண்டு, தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நானும்தான். சனிக்கிழமையைக் கேட்கத் துணிந்த குற்றத்துக்காக ஹட்டோவை அங்கேயே வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் எங்கள் கோச்சாக இருந்தது பதினோரு நிமிஷம்.

நெல்டா இன்னும் கையைத் தூக்கியபடியே நின்றாள். சோடாவும் ப்ளீச்சும் தின்ற கை அது. அவளுக்குப் பின்னால் கார்லண்ட் உட்கார்ந்திருந்தான், சாம்பல் முகத்தோடு, தொப்பியோடு. அவன் கூப்பிட்டான்.

"நெல்டா, உக்காரு. பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்குது."

அவள் கையை இறக்கினாள். மணி பத்தே முக்கால் ஆகியிருந்தது. அவனுடைய குஷனை ஒரு கக்கத்திலும் தன்னுடையதை இன்னொரு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு பதினொன்றாம் வரிசைக்கு அவனோடு நடந்தாள். அன்றைக்குப் பதினேழு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். மறுநாள் சனிக்கிழமை.