மாமியாருக்கும் மருமகனுக்கும் நடுவே ஒன்றேகால் கிலோ

பதினேழு வருஷமாக இந்தக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் பிரசவம் பார்க்கிறேன். எந்தக் குழந்தையும் என்னை இவ்வளவு ஓட வைத்ததில்லை.

நஜெம்பாவுக்கு எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே வலி கண்டுவிட்டது. பெண் குழந்தை, ஒன்றேகால் கிலோ. தாய்க்கு உதிரப்போக்கு நிற்காததால் ஆம்புலன்ஸில் நகரத்துக்கு அனுப்பினேன். அந்தப் பயணத்தைத் தாங்காது என்பதால் குழந்தை என்னிடம் தங்கிவிட்டது. சூட்டுப் பெட்டியெல்லாம் எங்களிடம் கிடையாது. மனித நெஞ்சுதான் பெட்டி. வெறும் மார்போடு மார்பாகச் சேர்த்துத் துணியால் கட்டிவிட வேண்டும். சற்று நேரம் இறக்கிவைத்தாலும் சில்லிட்டுவிடும். அப்புறம் மூச்சுவிட மறந்துவிடும்.

கைவசம் இரண்டு நெஞ்சுகள் இருந்தன. ஒன்று அப்பன் லுபோவாவுடையது. மோட்டார் சைக்கிளில் ஆள் ஏற்றுகிறவன், வாய் ஓயாதவன். இன்னொன்று நஜெம்பாவின் தாய் நந்தோங்கோவுடையது. இரண்டும் நல்ல சூடு. ஆனால் எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாமியாரும் மருமகனும் ஒருவரையொருவர் தொடக்கூடாது, முகம் பார்க்கக்கூடாது. மீறினால் ஆயுசுக்கும் கை நடுங்கும் என்பார்கள். என் சித்தப்பா தேநீரில் பாதியைச் சட்டைக்கே கொடுப்பார். ஊரே பழியை அவருடைய மாமியார் மேல் போட்டது.

ஆகவே அறைக்கு நடுவே கொடி கட்டி ஒரு போர்வையைத் தொங்கவிட்டேன். மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை இந்தப் பக்கம் அவிழ்த்து, அந்தப் பக்கம் ஓடிக் கட்டுவேன். பேச்சையும் நானே சுமக்க வேண்டும்.

"நர்ஸம்மா, மாப்பிள்ளையச் சாப்பிடச் சொல்லுங்க. வாழைக்காய் மசியல் ஆறிப்போவுது."

"சாப்பிட்டாச்சுன்னு சொல்லுங்க நர்ஸம்மா. உப்பு கம்மின்னும் சொல்லுங்க."

"உப்பு கம்மியாம் அக்கா," என்றேன், ஏதோ அவளுக்குக் காது கேட்காதது போல.

"அவரு வண்டி ஓட்டுற லட்சணத்துக்கு இந்த உப்பு போதும்னு சொல்லுங்க."

"அதான் ரெண்டு பேருக்கும் கேக்குதே! நடுவுல நான் எதுக்கு?" என்று கத்தினேன்.

லுபோவா மெதுவாக, "அவங்களுக்குக் கேக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்? கேட்டுச் சொல்லுங்க," என்றான். தலையில் அடித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மத்தியானம். பிரசவ அறையில் ஒருத்திக்குக் குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. என் இரண்டு கைகளும் அங்கே. அப்போது பக்கத்து அறையிலிருந்து லுபோவாவின் அலறல்.

"நர்ஸம்மா! பாப்பா மூச்சு விடல! நீலமாயிட்டா!"

"முதுகைத் தேய்டா!"

"கை உள்ள போவல! கட்டு இறுக்கமா இருக்கு! ஐயோ, நர்ஸம்மா!"

கட்டியவள் நான். நழுவிவிடக்கூடாதே என்று அவன் முதுகில் இரட்டை முடிச்சு போட்டிருந்தேன். இங்கிருந்து ஓர் அடி நகர முடியாது. மூன்று நாள் காப்பாற்றியதை என் முடிச்சே கொன்றுவிடுமோ என்று பயந்தேன்.

கொடியோடு போர்வை அறுந்து விழுகிற சத்தம் கேட்டது.

"அசையாம நில்லுடா!" அது நந்தோங்கோவின் குரல்.

யாரோ சுவரில் மோதினார்கள். பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அது எவ்வளவு நேரம் என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. அப்புறம் பூனைக்குட்டி கத்துவது போல மெல்லிய அழுகை.

இங்கே பிறந்தவனைத் துடைத்துத் தாயின் மார்பில் கிடத்திவிட்டு, கையுறையைக்கூடக் கழற்றாமல் எட்டிப் பார்த்தேன். லுபோவா சுவரோடு ஒட்டி, கண்களை இறுக மூடிக்கொண்டு நின்றான். நந்தோங்கோவின் கை, முடிச்சு அவிழ்ந்து தளர்ந்த கட்டுக்குள் முழங்கைவரை இருந்தது. அவள் முகம் மட்டும் ஜன்னல் பக்கம். நடுவே குழந்தை சிவந்துபோய்க் கத்திக்கொண்டிருந்தது.

"நர்ஸம்மா, நீங்கதான் சாட்சி," என்றாள் நந்தோங்கோ. "என் கை பேத்திகிட்டதான் போச்சு. அவளைச் சுத்தி யாரு நின்னாங்கன்னு நான் பாக்கல."

"நானும் பாக்கலன்னு சொல்லுங்க," என்றான் அவன். மூடிய கண்களிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டியது.

நான் வழக்கம்போலச் சொல்ல வாயெடுத்தேன். நந்தோங்கோ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையை எடுக்காமல், தேய்ப்பதையும் நிறுத்தாமல், பேத்தியின் பக்கம் குனிந்தாள்.

"கண்ணு, உங்கப்பனை அழ வேணாம்னு சொல்லு. நல்லாத்தான் சூடு குடுத்திருக்காரு."