கூரையில் ஒட்டவைத்த தொப்பி

என் வீட்டுக்காரர் ஷாஜனுக்கு ஃபோனை ஸ்பீக்கரில் போடாமல் பேசத் தெரியாது. பதினொரு வருடம் சவுதியில், தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டே பேசிப் பேசி வந்த பழக்கம். எங்கள் குடும்ப விஷயம் பக்கத்து வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு மறந்துவிடுவேன்.

நான் ஸ்மைலின். பெயரைக் கேட்டுவிட்டு எப்போதும் சிரித்த முகமாக இருப்பேன் என்று நினைத்துவிடாதீர்கள். தக்கலையில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஒன்பது வருடம் பிவிசி சாமான் எடுத்துக்கொடுத்தவள். எல்போவோ டீயோ, எந்தக் குழாய் இணைப்பானாலும் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவியே அளவு சொல்வேன். கடைக்கு வரும் பிளம்பர்களுக்குப் பாதி நேரம் நான்தான் பில் தாளின் பின்னால் படம் வரைந்து கொடுப்பேன். அவர்கள் அதைக் கொண்டுபோய்த் தங்கள் மூளையில் உதித்த மாதிரி வேலை செய்துவிட்டு வருவார்கள். சரி, போகட்டும்.

ஊருக்குத் திரும்பிய ஷாஜன் ஒரு பழைய டிராவலர் வேனை வாங்கி, இரணியலில் எங்கள் வீட்டு முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தினார். உள்ளே கட்டில், அடுக்களை, அலமாரி எல்லாம் வைத்து அதை ஓடுகிற வீடாக்கப் போகிறாராம். கன்னியாகுமரியில் இரண்டு லாட்ஜ் வைத்திருக்கும் பத்மகுமார் சாருக்கு இந்த வண்டி பிடித்துப்போனால், சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட இதே மாதிரி மூன்று வண்டி செய்யச் சொல்வதாகப் பேச்சு.

“ஏட்டி ஸ்மைலி, நீ கடைய விடு. மரவேலைக்கு கிளீட்டஸ் இருக்கான். பைப்புல வெள்ளம் வாற வழி, போற வழி முழுக்க உனக்க வேலை. இது நல்லா வந்துதுன்னா சாருக்க மூணு வண்டிக்கும் நீதான் பிளம்பர். எவன் கேட்டாலும் எனக்க வீட்டுக்காரி செய்ததுன்னு நெஞ்ச நிமித்திச் சொல்லுவேன்.”

நம்பிக் கடையை விட்டேன். மறு வாரமே என் ஸ்டூலில் வேறொரு பெண் உட்கார்ந்துவிட்டாள். இனி இந்த வண்டியில் பைப்பு ஒழுங்காக வேலை செய்தால் நான் பிளம்பர், இல்லையென்றால் இருந்த வேலையையும் தொலைத்த பைத்தியக்காரி.

சிங்கிலிருந்து போகும் அழுக்குத் தண்ணீரைப் பிடிக்க வண்டிக்கு அடியில் அறுபது லிட்டர் டேங்க் ஒன்றை மாட்டினேன். சிங்குக்குக் கீழே வளைந்த குழாய். அந்த வளைவில் கொஞ்சம் தண்ணீர் நின்று டேங்கின் நாற்றத்தை மேலே விடாமல் தடுக்கும். அப்புறம் வென்ட் பைப். டேங்கின் தலையிலிருந்து ஒரு இஞ்ச் குழாயை மூலை அலமாரிக்குள் ஏற்றி, கூரைக்கு வெளியே விட வேண்டும். தண்ணீர் உள்ளே போக வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் காற்று வெளியே போக வேண்டாமா? வழி விடாவிட்டால் அது சிங்க் வழியாகவே ஏப்பம் விடும். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீட்டுக்குப் பின்னாலும் செப்டிக் டேங்கிலிருந்து தொப்பி போட்ட குழாய் ஒன்று கூரையைத் தாண்டி நிற்கிறதே, அதே கணக்குதான். அதை எவனாவது அடைப்பானா?

ஆனால் ஷாஜனுக்கு வண்டியின் கூரையில் கை வைக்க மனமில்லை.

“ரெண்டு பருவமும் மழ பெய்யுத ஊரு இது. கூரையில ஓட்டை போட்டா ஒழுவாதா?”

“அத்தான், கூரை ஃபேனுக்கு நீங்க வெட்டினது ஜன்னல் அளவுக்கு இருக்கு. எனக்க ஓட்டை ஒரு நாரங்கா அளவுதான். பேசாம இருங்கோ.”

துளை போட்டு, குழாயை ஏற்றி, சுற்றிலும் சிலிகான் பசை வைத்து, மேலே தொப்பியை மாட்டினேன். ஒரு நாள் காயவிட்டு அரைமணி நேரம் ஹோஸால் தண்ணீர் அடித்தேன். அலமாரிக்குள் ஒரு சொட்டு இல்லை. ஷாஜனே கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, “கெட்டிக்காரிதான் நீ” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இரண்டு நாள் உருகிப்போய்த் திரிந்தேன். வெட்கக்கேடு.

புதன்கிழமை வண்டியை முட்டம் வரை ஓட்டிப் பார்த்தோம். கூட வந்த ஷாஜனின் அம்மா, என் மாமி ஞானபாய், அங்கே கடற்கரையில் சாளை மீன் வாங்கினார். வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுவந்து கழுவ வேண்டியதுதானே? “அடுக்களை இருக்குல்லா, பின்ன எதுக்கு?” என்று வண்டியிலேயே உட்கார்ந்து செதிள் உரசி, சிங்கிலேயே கழுவினார். இதை எங்கள் ஊர்க்காரர்கள்தான் செய்வார்கள். மூன்று சிங்க் நிறைய மீன் கழுவின தண்ணீர், ஒரு சத்தம் இல்லாமல் இறங்கிப்போனது. நாற்றமும் மேல்வழியாகப் போய்விட்டது. நான் மாமியையே கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

வியாழன் ராத்திரி நல்ல மழை. வெள்ளிக்கிழமை நான் திரைச்சீலைத் துணி எடுக்க நாகர்கோவிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது ஷாஜனும் கிளீட்டஸும் முற்றத்தில் சாயா குடித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள். ஷாஜனின் பெருவிரலில் சிலிகான் ஒட்டியிருந்தது.

“என்ன செய்தீங்க?”

“ஒண்ணுமில்ல, ஃபேனுக்க ஸ்க்ரூவ கொஞ்சம் முறுக்கினோம்.”

நம்பினேன். கட்டின புருஷன் சொன்னால் நம்பாமல் ஏணி போட்டு ஏறியா பார்ப்பார்கள்?

எங்கள் சபையில் புது வீடோ புதுக் கடையோ புது வண்டியோ, போதகர் வந்து ஜெபித்து ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்த பிறகுதான் புழங்குவோம். சனிக்கிழமை சாயங்காலம் போதகர் வந்தார், சொந்தக்காரர்கள் வந்தார்கள், கன்னியாகுமரியிலிருந்து பத்மகுமார் சாரும் வந்தார். இது வண்டியும்தான் வீடும்தான், அதனால் உள்ளே இருந்தே ஜெபிப்போம் என்றார் போதகர். பன்னிரண்டு பேர் உள்ளே ஏறி நெருக்கியடித்து நின்றோம். சாரல் அடித்ததால் ஜன்னல் எல்லாவற்றையும் சாத்தியிருந்தோம். மாமி அதற்குள் ஒரு சிங்க் நிறையத் தண்ணீர் பிடித்துச் சாயா டம்ளர்களைக் கழுவி முடித்திருந்தார். போதகர் “ஜெபிப்போம்” என்றதும், மாமி சிங்கின் அடைப்பானை இழுத்துவிட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

களக்.

முதலில் யாருடைய வயிறோ என்று நினைத்தேன். மறுபடி களக், களக். பிறகு ஒரு பெரிய ஏப்பம். பின்னாலேயே வந்தது பாருங்கள் ஒரு நாற்றம்! மூன்று நாள் மூடின டேங்கில் வெந்த சாளைத் தண்ணீர். டேங்கைத் திறந்து காலி செய்யாமல் விட்டது என் தப்பு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் வென்ட் பைப் வேலை செய்திருந்தால் அந்த நாற்றம் கூரைக்கு மேலே காற்றோடு போயிருக்கும், போதகரின் மூக்குக்கு வந்திருக்காது.

கண்ணைத் திறந்தேன். பதினொரு பேரும் தலைகுனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இல்லை, பத்துப் பேர். ஷாஜனின் கண்ணும் திறந்திருந்தது. சத்தம் வருவது சிங்கிலிருந்து. ஆனால் அவர் சிங்கைப் பார்க்கவில்லை. மூலை அலமாரியின் மேல்பக்கத்தை, என் குழாய் கூரையில் ஏறும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டார். இந்த மனுஷனுக்கு என்னவோ தெரியும்.

போதகர் அவ்வளவு வேகமாக ‘ஆமென்’ சொல்லி நான் கேட்டதில்லை. எல்லோரும் முற்றத்துக்குப் பாய்ந்தார்கள். பத்மகுமார் சார் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

“ஷாஜன், யாரு வே இந்தப் பைப்பு வேலை பாத்தது?”

நான் இரண்டு அடி தள்ளி நின்றிருந்தேன். ஷாஜன் என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

“வீட்டுக்காரிதான் சார். கடையில சாமான் எடுத்துக் குடுத்த பரிச்சயம். ஆசப்பட்டு கேட்டா, சரின்னு விட்டேன். பொம்பளையில்லா. உங்க வண்டிக்கு கொல்லத்துல இருந்து நல்ல ஆளு கொண்டுவாறேன்.”

ஆசைப்பட்டுக் கேட்டேனாம்! நானா? என் காது இரண்டும் கொதித்தன. புதுச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு வண்டியின் பின்னால் இருந்த ஏணியில் ஏறினேன். “ஏட்டி, போதகர் நிக்காரு, மானத்த வாங்காத” என்று மாமி கத்தினார். கூரையில் தொப்பி வைத்த இடத்தில் தொப்பி இருந்தது. லேசாகத் திருகினேன், கையோடு வந்துவிட்டது. அடியில் துளையும் இல்லை, குழாயும் இல்லை. வழவழவென்று ஃபைபர் வைத்துப் பூசி, அதன்மேல் தொப்பியை நாலு சொட்டு சிலிகானில் ஒட்டவைத்திருந்தார்கள், நான் கீழேயிருந்து பார்த்தால் தெரியக்கூடாது என்று. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பத்மகுமார் சாரின் கார் கேட்டைத் தாண்டிவிட்டது.

எல்லோரும் போன பிறகு தொப்பியை ஷாஜனின் முன்னால் வைத்தேன்.

“மழைக்கு கட்டிலு நனஞ்சு கிடந்துது” என்றார் அவர். “உனக்க பைப்பு வழியாத்தான்னு கிளீட்டஸ் சொன்னான். குழாய வெட்டி மூடி போட்டு, ஓட்டையையும் அடச்சோம்.”

“எனக்கிட்ட சொல்லணும்ன்னு தோணலியா?”

“சொன்னா நீ சண்டைக்கு வருவ.”

“சரி. சாரு கேட்டப்போ?”

“அவருக்க முன்னால எனக்க தப்புன்னு சொன்னா மூணு வண்டியும் போவும்லா. நாம ரெண்டுபேரும் ஒண்ணுதான, ஏட்டி? உனக்க பேரு போனா என்ன, எனக்க பேரு போனா என்ன?”

“ஒண்ணுதான்னா உனக்க பேரச் சொல்லியிருக்கலாமே.”

கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் அவரிடம் நான் ‘நீ’ போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் அதற்குத்தான் முகம் சுருங்கினார், மற்றதற்கு இல்லை. மோசம் போனேன் என்று அடுக்களையில் உட்கார்ந்து அழுதேன். வேறு யாராவது ஏமாற்றியிருந்தால் இவரிடம்தானே வந்து சொல்லி அழுதிருப்பேன்?

ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது ஷாஜன் தானாகவே இறங்கி வந்தார். “தப்புதான். நீயே சரியாக்கித் தா. சார நான் கூப்பிட்டு, நீதான் செய்ததுன்னு எனக்க வாயால சொல்லுதேன். ஆண்டவர் சாட்சி.”

திங்கட்கிழமை காலையில் முதலில் ஹோஸை எடுத்துக் கூரையில் அடித்தேன். தண்ணீர் எங்கே இறங்கியது தெரியுமா? அவர் ஜன்னல் அளவுக்கு வெட்டிய ஃபேன் ஓரத்தில். எட்டு ஸ்க்ரூவில் ஒன்றுக்குக்கூட சிலிகான் வைக்கவில்லை. கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்தார். “ம்” என்றார். அவ்வளவுதான்.

ஃபேனைச் சுற்றிலும் நானே அடைத்தேன். பூசின இடத்தில் மறுபடி துளை போட்டேன். வெட்டின குழாயின் மூடியைக் கழற்றி, புதுத் துண்டு ஒட்டி, அவரை உள்ளே அலமாரிக்குக் கீழே நிற்கவைத்து, “நான் சொல்லுதது வர பைப்ப அசையாம பிடிச்சிருங்கோ, ஒட்டு இன்னும் காயல” என்று சொல்லிவிட்டுக் கூரைக்கு வந்தேன். குழாயின் முனை இன்னும் துளைக்கு ஒரு சாண் கீழே நின்றது, கடைசித் துண்டை மேலிருந்து இறக்கி ஒட்ட வேண்டும். அப்போது உள்ளே ஃபோன் அடித்தது. ஸ்பீக்கர். துளை வழியாக ஒவ்வொரு சொல்லும் மேலே வந்தது.

“என்ன வே, நாத்தம் தீந்துதா?”

“தீந்தாச்சு சார்” என்றார் ஷாஜன். “கொல்லத்துல இருந்து ஆளு வந்து மொத்தத்தையும் மாத்திட்டான். நல்ல விவரமுள்ள ஆளு.”

“அப்ப மூணு வண்டிக்கும் அவனையே பேசும். வீட்டுக்காரி அடுக்களைய பாக்கட்டும் வே.”

ஷாஜன் சிரித்தார். சும்மா மரியாதைக்குச் சிரிக்கும் சிரிப்பு இல்லை, நன்றாகவே சிரித்தார். ஒரு நாள்கூட ஆகவில்லை, ஆண்டவரைச் சாட்சிக்கு வைத்து. நான் மேலே நிற்கிறேன் என்பதுகூட இவருக்கு மறந்துவிட்டதா, இல்லை கூரைக்கு மேலே இருப்பவளுக்கு எதுவும் கேட்காது என்ற தைரியமா?

முழங்கால் போட்டுக் குனிந்து துளையில் வாயை வைத்தேன்.

“சார்! கொல்லத்து ஆளு பேசுதேன்.”

கீழே சிரிப்பு நின்றது.

“யாரது?” என்றார் பத்மகுமார் சார்.

“பேரு ஸ்மைலின். ஊரு கொல்லம் இல்ல, இரணியல். எனக்க ஓட்டைய இவரு வெள்ளிக்கிழம எனக்குத் தெரியாம அடச்சாரு, அதான் சனிக்கிழம நாறிச்சு. இப்பந்தான் திறந்தேன், அதான் உங்களுக்கு நான் பேசுதது கேக்குது. மூணு வண்டிக்கும் ஆளு வேணும்ன்னா எனக்க நம்பர எழுதிக்கிடுங்கோ. இவருக்கிட்ட கேக்காண்டாம்.”

“ஏட்டி...” என்றது ஷாஜனின் குரல்.

“பைப்ப விடாதீங்க” என்றேன்.

பத்மகுமார் சார், “நில்லும்மா, பேனா எடுக்கேன்” என்றார். “ம், சொல்லு.”

ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். ஆறாவது எண்ணுக்குள் கண் கலங்கிவிட்டது. கை இரண்டிலும் சிலிகான், கண்ணைத் துடைக்க முடியவில்லை. மீதி நாலு எண்ணையும் அப்படியே சொல்லி முடித்தேன்.